ஒரு கேசட்டில் இரண்டு பாட்டு

அந்தப் பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவை இயந்திரங்களின் இரைச்சலைத் தாண்டிப் போனால் துணிக்கிடங்கு என்கிற நீளமான அறை வரும். மேலே உள்ள மாடிகளில் கிழிகிற துணியெல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். படுக்கை விரிப்புக்கு ஒட்டுப் போடுவது, நோயாளிகளின் அங்கிக்கு அறுந்த நாடாவை மாற்றுவது, ஆபரேஷன் அறைத் தொப்பிகளுக்கு எலாஸ்டிக் கோப்பது எல்லாமே அங்கே ஒரே தையல் மெஷினில், ஒரே ஆளின் கையால் நடக்கிறது. அந்த ஆளைப் பெயர் சொல்லித் தேடினால் கிடைக்க மாட்டாள். இஞ்சுடேப் அக்கா என்று கேட்டால் கைகாட்டுவார்கள்.

கழுத்தில் மாலையாகத் தொங்கும் அளவு நாடாவை அவள் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவாள் என்பது இஸ்திரி அண்ணனின் கணிப்பு. அண்ணன் அதே அறையின் மறுகோடியில் நின்று நாள் முழுக்க விரிப்புகளைத் தேய்த்தபடி உலக நடப்பெல்லாம் பேசுகிறவர். மூன்று விரல் தள்ளித் தைத்தால் போதும் என்று யாராவது சொன்னால், யார் விரல் என்று கேட்பாளாம். அவர் இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று புரிந்ததேயில்லை. விரலுக்கு விரல் வித்தியாசம் உண்டுதானே.

படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. அப்பா முன்பே போய்விட்டார். அம்மா இதே மருத்துவமனையில் நெடுநாள் கிடந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், அம்மாவின் கிழிந்த விரிப்பைத் தன் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்த பெண்ணைத் தலைமை நர்ஸ் பார்த்தார். தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கீழே ஒரு மெஷின் சும்மா கிடக்கிறது, வருகிறாயா என்று கேட்டார். அம்மா போன பிறகும் அவள் வேலைக்கு வருவதை நிறுத்தவில்லை. வீட்டில் சின்னவன் இருந்தான்.

சின்னவன் என்பது தம்பி. இப்போது ஆறடி வளர்ந்து, எந்த வாசலிலும் தலையைக் குனிந்து நுழைகிறான். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவன் வேலை. ஆனால் அக்கா வாயில் இன்னும் சின்னவன்தான். அவனைப் பற்றிப் பேச்சு வந்தால் அவள் குரலே மாறிவிடும். இந்த ஊரில் பாதி ஆட்கள் மேலே போய்க் கீழே வருவது அவன் தயவில்தான் என்பாள். பாடவும் செய்வான் என்று சேர்த்துக்கொள்வாள். அதைச் சொல்லும்போது நாடாவின் ஒரு முனையை இழுத்து நேராக்கிக்கொள்வாள்.

பாட்டு அந்த வீட்டுக்குள் வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அம்மா இறந்த வருஷம், வீடு ஒரேயடியாக வெறிச்சென்று இருக்கிறதே என்று அவள் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கேசட் பிளேயர் வாங்கி வந்தாள். உள்ளே பெல்ட் அறுந்திருந்தது. அதனால்தான் அவள் கைக்கு எட்டுகிற விலைக்குக் கிடைத்தது. ஒரு கேசட் உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. அதையும் நீயே வைத்துக்கொள் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

பெல்ட் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. இரண்டு சிறு சக்கரங்களைச் சுற்றி ஓடும் மெல்லிய ரப்பர் வளையம். அவள் பின்பக்கத்தைத் திருகிக் கழற்றினாள், அறுந்த வளையத்தை வெளியே எடுத்து நீட்டிப் பிடித்து அளந்தாள், தொப்பிக்குக் கோத்தது போக மிஞ்சிய எலாஸ்டிக்கில் அதே நீளத்துக்கு, ஒட்டுக்கும் கொஞ்சம் விட்டு, ஒரு துண்டு வெட்டினாள். முனையின் மேல் முனையை வைத்து ரெட்டைத் தையல் போட்டாள். மாட்டினாள். சக்கரம் சுற்றியது. பக்கத்தில் குந்தியிருந்த சின்னவன் கை தட்டினான். அப்போது அவன் இரண்டாம் வகுப்பு.

வந்தது ஒரு பழைய நாட்டுப்பாட்டு. ஓர் ஆணின் கனத்த குரல், கிணற்றுக்குள்ளிருந்து எழுந்து வருவது போல.

அடுப்பு அணைஞ்சு போச்சுதையா, அந்தி சாஞ்சு போச்சுதையா,
அக்கரைக்குப் போன ராசா ஆளு வந்து சேரலையே.

மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் சுமந்து வந்து இறக்கிவைப்பது போல இருந்தது அந்தப் பாட்டு. வரிக்கு வரி ஓர் இடறல். தொண்டையில் எதுவோ அடைத்து, அதை விழுங்கிவிட்டு மேலே பாடுவது மாதிரி. அழுகையை அடக்கிக்கொண்டு பாடுகிறார் பார் என்று அவள் தம்பிக்குச் சொன்னாள். பொம்பளை பாட வேண்டிய பாட்டை ஆம்பளை ஏன் பாடுகிறார் என்று அவன் கேட்டான். தாங்க முடியாத துக்கத்தில் ஆண் என்ன, பெண் என்ன என்று அவளுக்குத் தோன்றியதைச் சொல்லி வைத்தாள்.

'பாத்த கண்ணு பூத்துப் போச்சு, பக்கத்து வீட்டில கண்ணு கேட்பேன்' என்று ஒரு வரி வரும். அந்த இடத்தில் அவளுக்குத் தவறாமல் கண் கலங்கும். கடைசியில் 'கதவு' என்று ஒரு சொல் வரும். டேப் அதோடு தீர்ந்துவிடும். கதவு என்ன ஆயிற்று என்று கேசட்டுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

அந்த வீட்டில் இருந்தது அந்த ஒரு கேசட்தான். ஒருமுறை பக்கத்து வீட்டிலிருந்து நகைச்சுவை நாடகக் கேசட் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டார்கள். அதில் எல்லோரும் சளி பிடித்த மாதிரி இழுத்து இழுத்துப் பேசினார்கள். தேய்ந்துபோன கேசட்டைத்தான் இரவல் கொடுப்பார்கள் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வேறொரு நாள் கடைத்தெரு ஒலிபெருக்கியில் அதே பாட்டு தடதடவென்று குதித்து ஓடியது. எவனோ நல்ல பாட்டை எடுத்துக் கூத்தாக்கி வைத்திருக்கிறான் என்று திட்டிக்கொண்டே நடந்தாள்.

இடையில் ஓர் ஆம்புலன்ஸ் டிரைவர் வந்தார். துணிக்கிடங்குக்கு விரிப்பு வாங்க வருகிறவர், வாங்கிய பிறகும் நின்று பேசிக்கொண்டிருப்பார். தூரத்து ஊரில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது, ஊன்றிக்கொண்டதும் வந்து அழைத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் காத்திருந்தாள். வேறு இடங்களிலிருந்து கேட்டு வந்தவர்களை வேண்டாம் என்றாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கேசட்டைப் போடுவாள். அந்தப் பாட்டு, காத்திருப்பதுதான் சரி என்று சொல்வது போலவே இருக்கும். டிரைவர் வரவில்லை. அதை அவள் யாரிடமும் ஒரு குறையாகச் சொன்னதில்லை. பாட்டிலேயே வரவில்லையே.

இதெல்லாம் பழைய கதை. போன மாதம் சின்னவன் ஒரு பதினாறு மாடிக் கட்டடத்தில் வேலையாக இருந்தபோது, லிஃப்ட் ஓடும் குழிக்குள் நின்று இந்தப் பாட்டைப் பாடினான். உடன் வேலை செய்கிறவர் அதைக் கைப்பேசியில் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார். குழியின் எதிரொலியில் அவன் குரல் மேலே ஏறி மேலேயே நின்றது. முழுக்க அந்தக் கேசட் மாதிரியே பாடியிருந்தான். அதே இடறல், அதே நிதானம், கடைசியில் 'கதவு' என்று சொல்லிவிட்டு அப்படியே நிறுத்தியதும் அதே. ஒரு வாரத்தில் ஊரெல்லாம் கேட்டார்கள்.

அதன் பிறகுதான் குழப்பம் ஆரம்பித்தது. கேட்டவர்கள் எல்லோரும், புகழ்ந்தவர்கள் உட்பட, அவன் பாட்டை மாற்றிவிட்டான் என்று எழுதினார்கள். என்ன துணிச்சலான மாற்றம் என்றார்கள் சிலர். பாதி வரியில் நிறுத்தியது மேதைமை என்றார் ஒருவர். ஓய்வு பெற்ற பாட்டு வாத்தியார் ஒருவருக்கு மட்டும் மூக்கின் மேல் கோபம். துள்ளி விளையாடுகிற கேலிப் பாட்டை இந்தப் பையன் ஒப்பாரி ஆக்கிவிட்டான், மூலத்தை ஒரு தடவையாவது கேட்டிருந்தால் இந்தப் பாவத்தைச் செய்திருக்க மாட்டான் என்று அவர் எழுதியிருந்தார்.

அக்கா அதை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்தாள். மாற்றுவதாவது. அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை அளவு பிசகுவானா? வாத்தியாருக்குப் பதில் எழுதச் சொல்லித் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அவன் வேண்டாம் என்றான். அவள் விடவில்லை. என் தம்பி ஒரு எழுத்தும் மாற்றவில்லை, ஓர் ஆண் இதே போல மெதுவாகப் பாடிய மூலம் எங்கள் வீட்டில் கேசட்டில் பத்திரமாக இருக்கிறது, முதலில் அதைக் கேட்டுவிட்டு வந்து பேசுங்கள் என்று அவள் சொல்லச் சொல்ல அவன் தட்டினான்.

அதைத்தான் உள்ளூர் வானொலியில் பார்த்துவிட்டார்கள். பழைய பாட்டையும் அதைப் புதிதாகப் பாடியதையும் அடுத்தடுத்துப் போட்டு, எது எப்படி என்று நேயர்களோடு பேசுகிற நிகழ்ச்சி ஒன்று அங்கே உண்டு. அறிவிப்பாளர் அம்மாவே தொலைபேசியில் கூப்பிட்டார். வானொலியில் இருப்பது ஒரு பெண் பாடிய இசைத்தட்டு, அதைத்தான் எல்லோரும் மூலம் என்கிறார்கள், ஆண் குரலில் மெதுவாக ஒரு பதிவு இருக்கிறது என்பதே எங்களுக்குப் புதுச் செய்தி, அது அதைவிடப் பழையதாகக்கூட இருக்கலாம், எடுத்துக்கொண்டு வருகிறீர்களா என்று கேட்டார். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. 'இதுவரை யாரும் கேட்டிராத மூலப் பாட்டு, அதை ஒரு எழுத்தும் மாற்றாமல் பாடிய இளைஞர்' என்று வானொலி மூன்று நாள் அறிவித்தது. துணிக்கிடங்கில் அந்த மூன்று நாளும் விரிப்புகள் நேராக மடியவில்லை என்றார் இஸ்திரி அண்ணன்.

சின்னவன் மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தான். எல்லோரும் ஒன்று சொல்லும்போது நாம் மட்டும் வேறு சொல்கிறோமே என்றான். கேசட் நம்மிடம் இருக்கும்போது உனக்கு என்ன பயம் என்று அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

வானொலி நிலையத்தில் அறிவிப்பாளர் அம்மா அவர்களை அழைத்துப் போன ஒலிப்பதிவுக்காரரின் அறை சின்னது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடுகிற அறை, மேசையில் ஒலிவாங்கிகள். அக்கா பிளேயரைத் தான் தைத்த உறையிலிருந்தும், கேசட்டைத் தனியாகத் தைத்த சின்னப் பையிலிருந்தும் எடுத்து வைத்தாள். கேசட்டின் மேல் சின்னவன் சிறு வயதில் ஆணியால் கீறிய படகு இருந்தது. ஒலிப்பதிவுக்காரர் அதைத் தங்கள் இயந்திரத்தில் போட்டார்.

ஒரு பெண் பாடினாள். இளம்பெண். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பவள் என்று குரலிலேயே தெரிந்தது. அடுப்பு அணைந்ததும் அந்தி சாய்ந்ததும் ஒரு மூச்சில் தாண்டிப் போயின. 'பக்கத்து வீட்டில கண்ணு கேட்பேன்' என்ற இடத்தில் பாடுகிறவளுக்கே சிரிப்பு வந்து, பின்பாட்டுக்காரர்களும் சிரித்தார்கள்.

"இது எங்க கேசட் இல்லீங்க" என்றாள் அக்கா.

ஒலிப்பதிவுக்காரர் கேசட்டை வெளியே எடுத்துக் காட்டினார். படகு இருந்தது.

"அப்ப உங்க மெஷின் வேகமா ஓடுது."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அறிவிப்பாளர் அம்மாவின் பேச்சுப் பதிவான பழைய கேசட் ஒன்றை எடுத்து அதே இயந்திரத்தில் போட்டார். அறிவிப்பாளர் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசினார். பிறகு அந்தக் கேசட்டை அக்காவின் பிளேயரில் போட்டார். தடித்த குரலில், சளி பிடித்த ஓர் ஆண், இழுத்து இழுத்து வணக்கம் சொன்னார். அறிவிப்பாளர் அம்மா சிரித்துவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

படகுக் கேசட்டை அவளுடைய பிளேயரில் போட்டால் அதே துக்கம், அதே ஆண், அதே இடறல். நிலையத்து இயந்திரத்தில் போட்டால் அதே பெண், அதே கேலி. மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு துணியை எந்தப் பக்கத்திலிருந்து அளந்தாலும் நீளம் ஒன்றுதான். இது என்ன கணக்கு என்று அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இத்தனை வருஷமாக வீட்டில் பாடிக்கொண்டிருந்த அந்த ஆள் யார்? எங்கே போனார்?

ஒலிப்பதிவுக்காரர் அனுமதி கேட்டுக்கொண்டு பிளேயரின் பின்பக்கத்தைத் திறந்தார். கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார்.

"அம்மா, இந்த பெல்ட்டை யாரு போட்டது?"

"நான்தான்" என்றாள். குழப்பத்துக்கு நடுவிலும் குரலில் ஒரு நிமிர்வு வந்தது. "ரெட்டைத் தையல். இத்தன வருஷத்துல ஒரு இழை பிரிஞ்சிருக்கா பாருங்க."

"பிரியலைம்மா. ஆனா இது எலாஸ்டிக். இழுத்தா இழுபடுது, சக்கரத்துல வழுக்கி வழுக்கிச் சுத்துது. அதான் பாட்டு மெதுவாயிடுச்சு. மெதுவானா குரலும் கனத்துடும், பொம்பளை ஆம்பளை ஆயிடும். அப்புறம் இந்த ஒட்டுப் போட்ட இடம் சக்கரத்துல ஏறி இறங்குது பாருங்க, ஒவ்வொரு தடவையும்..." அவர் அந்த இடறலை வாயால் செய்து காட்டினார்.

சின்னவனின் தொண்டை தன்னையறியாமல் அதே போல ஏறி இறங்கியது. அதைப் பார்த்த பிறகு அவளுக்குச் சந்தேகம் இல்லை. அவன் அப்படியே பாடியிருந்தான். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. அவளுடைய தையலையும் விடாமல் பாடியிருந்தான்.

"ஒட்டு வெளிய தெரியாது. மேல வெச்சு அழுத்தித் தைச்சது. மேடு இருக்காது" என்றாள்.

அவர் எலாஸ்டிக்கைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். அவள் தடவிப் பார்த்தாள். மேடு இருந்தது.

நிகழ்ச்சி தொடங்க அதிக நேரம் இல்லை. நேரலை. மூன்று நாளாக ஊருக்குச் சொல்லியாகிவிட்டது. அறிவிப்பாளர் அம்மா நல்ல மாதிரி. பழைய பதிவு என்ற பேச்சை நான் எடுக்கவில்லை, பாட்டை மட்டும் பாடிவிட்டுப் போகலாம், இல்லை வேண்டாம் என்றாலும் சரி, தம்பி முடிவு செய்யட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். சின்னவன் முகத்தில் ஈயாடவில்லை. அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்றான். இனி அவன் எதைப் பாடினாலும், இல்லாத மூலத்தை இருக்கிறது என்று சொன்னவன் என்றுதானே பேசுவார்கள்.

அவளுக்கு அதுதான் நெஞ்சில் குத்தியது. அந்த வார்த்தையை எழுதச் சொன்னது அவள். பேர் கெடப்போவது அவனுக்கு. அவள் அவனை ஓரமாக இழுத்துப் போனாள்.

"கேசட் மெஷின்ல சிக்கி அறுந்துடுச்சுன்னு சொல்லிடுடா. யாருக்குத் தெரியப் போகுது? எலாஸ்டிக் விஷயம் நமக்குள்ள இருக்கட்டும்."

அவன் அவளைக் குனிந்து பார்த்தான். "ஊரு என்னைப் பொய் சொன்னேன்னு சொல்லிடுமோன்னுதானேக்கா பயம். அதுக்கு நிஜமாவே பொய் சொல்லச் சொல்றியா?"

அவள் கையில் எலாஸ்டிக் வளையம் இருந்தது. அதை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். அவன் தலையைக் குனிந்து பாடுகிற அறைக்குள் நுழைந்தான்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். முதலில் இசைத்தட்டு ஓடியது. இப்போது தெரிந்த பெண்ணாகிவிட்ட அந்தப் பெண், கேலியும் துள்ளலுமாகப் பாடிக்கொண்டே வந்து 'கதவு' என்ற இடத்தை எட்டினாள். அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பாட்டு நிற்கவில்லை.

கதவு தட்டும் கள்ள ராசா, கையி ரெண்டும் காலியாச்சா,
விடியும் மட்டும் வெளியே நில்லு, வெக்கமுன்னா திரும்பிப் போயேன்.

வந்துவிட்டான். அக்கரைக்குப் போன ஆள் வந்துவிட்டான். எப்போதுமே வந்திருக்கிறான், அவர்கள் வீட்டு டேப்பில்தான் வர இடம் இல்லாமல் போயிருக்கிறது. வந்தவனை அந்தப் பெண் வாசலிலேயே நிற்கவைத்துவிட்டாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே ஆம்புலன்ஸ் டிரைவர் ஞாபகம் வந்தது. இந்தப் பாட்டு சரியான வேகத்தில் ஓடியிருந்தால் நானும் அப்போதே கதவைச் சாத்தியிருப்பேனோ என்று நினைத்தாள். நினைத்ததும் அதற்குக் கோபப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. ஒரு துண்டு எலாஸ்டிக்கிடம் யாராவது கோபப்பட முடியுமா?

அறிவிப்பாளர் அம்மா சின்னவனிடம், இவ்வளவு குறும்பான பாட்டை நீங்கள் இப்படிப் பாடியது எப்படி என்று பொதுவாகக் கேட்டார். வேண்டுமானால் நழுவிக்கொள்ள அதில் இடம் இருந்தது. சின்னவன் நழுவவில்லை. பழைய சாமான் கடையில் ஆரம்பித்தான். பெல்ட், எலாஸ்டிக், வழுக்கல், இடறல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். மூலம் எங்களிடம் இருக்கிறது என்று எழுதியது தவறு என்றும், தெரியாமல்தான் எழுதினோம் என்றும் சொன்னான். ஒட்டுப் போட்ட இடத்தில் ஒரு மேடு இருந்தது, அதையும் நான் பாடிவிட்டேன் என்று சொல்லி முதல் தடவையாகச் சிரித்தான்.

"அதனால இதை நான் மாத்தின பாட்டுன்னு சொல்ல முடியாதுங்க. பழைய பாட்டுன்னும் சொல்ல முடியாது. இது எங்க அக்கா தைச்ச பாட்டு."

பிறகு பாடினான். லிஃப்ட் குழியின் எதிரொலி இல்லாமல், வெறும் அறையில், அதே நிதானத்தில். மேடு வந்த இடங்களில் தொண்டை இடறியது. 'கதவு' என்று சொல்லி நிறுத்தினான்.

நேயர்கள் கூப்பிட்டார்கள். ஒருவருக்கு, அந்த எலாஸ்டிக் கால் அங்குலமா அரை அங்குலமா என்று தெரிய வேண்டும். இன்னொருவர், தன் வீட்டுப் பழைய பிளேயரிலும் இப்படி ஏதாவது நல்லது வருமா என்று கேட்டார். அந்தப் பாட்டு வாத்தியாரும் வந்தார். "நான் எழுதினதை வாபஸ் வாங்க மாட்டேன். அது ஒப்பாரிதான். ஆனா நல்ல ஒப்பாரி" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். அவர் திட்டினாரா பாராட்டினாரா என்று அக்கா ஒலிப்பதிவுக்காரரைக் கேட்டாள். அவரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். புறப்படும்போது ஒரு காகிதத்தில் மடித்து அசல் ரப்பர் பெல்ட் ஒன்றைக் கொடுத்தார்.

பேருந்தில் அவள் வாயே திறக்கவில்லை. அக்காவுக்குத் தன் மேல் கோபம், மூலம் இல்லாமல் போன வருத்தம் என்று சின்னவன் என்னென்னவோ நினைத்திருப்பான். வீட்டுத் திருப்பத்தில் இறங்கிய பிறகுதான் சொன்னாள்.

"ஊரே கேக்க என் தையல்ல மேடு இருக்குன்னு சொல்லிட்டியேடா."

"மேடு இருந்துச்சேக்கா."

"இருந்துச்சு. அதை நீ சொல்லணுமா?"

மறுநாள் துணிக்கிடங்கில் நுழைந்தபோது இஸ்திரி அண்ணன் அவளைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை அந்தரத்தில் நிறுத்தி, இடறி இடறி ஒரு வரி பாடிக் காட்டினார். சலவைக்காரப் பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். குதிக்கிற பாட்டுதான் பாட்டு என்றது ஒரு கட்சி. அக்கா பாட்டுதான் பாட்டு என்றது மற்றது. நீங்கள் எந்தக் கட்சி என்று அவளைக் கேட்டார்கள். அவள் மெஷினில் உட்கார்ந்து ஒரு தொப்பியை எடுத்தாள். எலாஸ்டிக் ஒட்டை விரலால் தடவிப் பார்த்தாள். பிரித்து மறுபடி தைத்தாள். மதியம் வரை அவள் தைத்த தொப்பி மிகக் குறைவு.

அன்று சாயங்காலம் பிளேயர் பின்பக்கம் திறந்தபடி மேசையில் இருந்தது. ஒரு பக்கம் ரப்பர் பெல்ட், மறுபக்கம் எலாஸ்டிக் வளையம். அவள் கழுத்து நாடாவை எடுத்து இரண்டையும் அளந்தாள். சும்மா கிடக்கும்போது இரண்டும் ஒரே நீளம். பெல்ட் மாட்டிய அன்று அவள் தவறாக அளக்கவில்லை. அந்த மட்டுக்கும் ஒரு நிம்மதி. எலாஸ்டிக்கை இழுத்தால் மட்டும் அது எங்கேயோ போனது.

சின்னவன் குளித்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தான். வானொலியில் மறுபடி கூப்பிடுகிறார்கள், கடைசி அடியையும் சேர்த்துப் பாடச் சொல்கிறார்கள், ஆனால் அவன் பாணியிலேயே என்றான். அந்த அடியை அவன் மெதுவாகக் கேட்டதே இல்லை. எப்படிப் பாடுவது என்று தெரியவில்லை.

"பாடித்தான் பாரேன்" என்றாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு 'கதவு' வரைக்கும் மனதுக்குள் போய், அங்கிருந்து வாய்விட்டு ஆரம்பித்தான். 'கதவு தட்டும் கள்ள ராசா.' அதே கனம், அதே நிதானம். மேடு எங்கே வரும் என்று தெரியாமல் ஓர் இடத்தில் தடுமாறினான். அது மேடு மாதிரியே இருந்தது. 'விடியும் மட்டும் வெளியே நில்லு' என்று வந்தபோது அது விரட்டுகிற மாதிரி இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

அக்காவின் கையில் நாடா அப்படியே நின்றது.

"அவ திறக்கிறாளாடா, இல்லையா?"

"தெரியலக்கா. வேகமா பாடினா திறக்க மாட்டா. மெதுவா பாடினா திறந்துடுவா போலிருக்கு."

அவள் ரப்பர் பெல்ட்டை எடுத்துப் பார்த்தாள், வைத்தாள். எலாஸ்டிக்கை எடுத்துப் பார்த்தாள். அதையும் வைத்துவிட்டு, பிளேயரின் பின்மூடியைத் திறந்தபடியே விட்டாள்.

"இன்னொரு தடவ பாடு" என்றாள். "வேகமாவும் வேணாம், மெதுவாவும் வேணாம். நடுவுல ஏதாவது இருக்கான்னு பாப்போம்."